தெருவுக்கு நாலு நின்ற வண்டி

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் கோத்திருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குந்தவைக்கு அப்பாவின் கார் வரும் சத்தம் கேட்டது. குடமுருட்டிக் கரையில் ஏறி, மதகுத் திருப்பத்தில் கியர் மாற்றி, சின்னதாக ஒரு குலுக்கலோடு தெருவுக்குள் இறங்கும் அதே சத்தம். அவள் பிறந்த வருஷத்திலிருந்து அந்த வீடு கேட்டுப் பழகிய சத்தம். அப்பா அமிர்தலிங்கமோ கண்ணாடிக்குக் கீழே, நெற்றியில் ஒற்றை ரூபாயும் தாடையில் கட்டுமாகக் கிடந்தார்.

விடிந்ததிலிருந்து தலைமாட்டில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த அம்மா தங்கமணி, கையை ஊன்றி விசுக்கென்று எழுந்தாள்.

"குந்தவ, அப்பா வந்துட்டாரு பாரு. வெந்நிய வையி."

அழுதுகொண்டிருந்த பெண்களெல்லாம் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். யாரோ அம்மாவின் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அம்மா பெட்டியைப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

குந்தவை வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். அப்பாவின் சிவப்பு மாருதி 800 கொட்டகையில் நேற்று அவர் விட்ட இடத்திலேயே நின்றது. தெருவில் வந்து நின்றது பெரியப்பா கோவிந்தராசுவின் அந்தக் காலத்துச் சீமைக் கார், மோரிஸ் மைனர்.

பெரியப்பா சாவு வீட்டுக்கு வந்த மாதிரியா வந்தார்? வண்டியின் மூக்கில் சம்பங்கி மாலை. பின்னாலேயே இரண்டு கார்களில் தஞ்சாவூர் பழங்கார் சங்கத்து ஆட்கள், ஒரே மாதிரி தொப்பியோடு. அவர் சங்கத் தலைவர். உள்ளே ஒருத்தன் செத்துக் கிடக்கிறான் என்பதே மறந்துபோய் தெரு மோரிஸைச் சுற்றிக் கூடியது. ஒருவர் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு செல்ஃபிகூட எடுத்துக்கொண்டார். அந்தக் கையை முறுக்கி ஒடித்தால் என்ன என்று இருந்தது குந்தவைக்கு.

பெரியப்பா பெட்டிக்கு மாலை போட்டார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் குரல் பழையபடி ஏறிவிட்டது.

"எங்கப்பாவுக்கு இந்த வண்டிதான் முன்னால போச்சு. தம்பிக்கும் இதான் போவும். கௌரவமா போவட்டும்."

பிறகு கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்த டப்பாவ யாராச்சும் கொல்லப்பக்கம் தள்ளி விடுங்கப்பா. போட்டோல விழுவுது."

"அது எங்கயும் போவாது பெரியப்பா" என்றாள் குந்தவை. "அப்பாவோட அதுதான் போவும்."

"சின்னப் புள்ள மாதிரி பேசாத. நாலு பேரு சிரிப்பாங்க."

சிரிப்பதைப் பற்றி இவர் பேசுகிறார். பொங்கலுக்கு மறுவாரம் தஞ்சாவூரில் நடந்த கார் கண்காட்சியில் சிரித்தது யார்? அப்பா மாருதியை ஒரு வாரம் உட்கார்ந்து துடைத்து, வயலில் எலி தொல்லை என்பதால் ஒயருக்கு நடுவே எப்போதும் சொருகி வைக்கும் நொச்சித் தழையைக்கூட எடுத்துவிட்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனார். பக்கத்து சீட்டில் குந்தவை. கேட்டிலேயே பெரியப்பா குறுக்கே வந்து நின்றார்.

"இது மளிகைக் கடைக்காரனும் வாத்தியாரும் ஓட்டுன வண்டிடா. தெருவுக்கு நாலு நின்னுச்சு. இதெல்லாம் கிளாசிக்கா?"

"தெருவுக்கு நாலு நின்னுச்சுல்ல, இப்ப ஒண்ணு காட்டுங்கண்ணே" என்றார் அப்பா. "உங்க வண்டிய அன்னிக்கே பொத்திப் பொத்தி வச்சாங்க. அதனால நிக்கிது. இத யாரும் பொத்தல. பிரசவத்துக்குப் போச்சு, விதைநெல்லு ஏத்துச்சு, பொண்ணு பாக்கப் போச்சு. ஒழைச்சே அழிஞ்சு போச்சு. மிச்சம் இருக்கிறத ஒரு ஓரமா நிப்பாட்டக் கூடாதா?"

"பொழங்குற சாமான கண்காட்சில வைக்க முடியாதுடா."

"அப்ப எங்க வீட்டு மிக்ஸியையும் கொண்டாரவா தலைவரே?" என்றார் ஒரு தொப்பி. கேட்டில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். அப்பா வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். அய்யம்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தியபோது, டீயை மறந்துவிட்டுத் துண்டால் பானெட்டைத் துடைத்துக்கொண்டே நின்றார். அந்த முகத்தைக் குந்தவையால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அதற்காகவே பெரியப்பாவை வெறுத்தாள். இனியும் வெறுப்பாள்.

ஆனால் இந்தச் சத்தம்? எழுபது வயது மோரிஸுக்கு எப்படி மாருதியின் குரல் வந்தது?

நீர்மாலைத் தண்ணீர் எடுக்கப் போன ஆட்கள் ஆற்றிலிருந்து திரும்புவதற்குள், அம்மாவைக் கொல்லைப்புறம் கைத்தாங்கலாக அழைத்துப்போனபோது கேட்டுவிட்டாள்.

"அம்மா, பெரியப்பா வண்டில என்ன இன்ஜின் இருக்கு?"

அம்மா கிணற்றடியைப் பார்த்தபடி சொன்னாள்.

"அவரு வண்டி இன்ஜின் வெடிச்சுப்போச்சு. ஒங்க தாத்தா செத்த வருஷம். சங்கத்துல மானம் போயிடும்னு நம்ம வூட்ல வந்து அழுதாரு. அப்பா தன் வண்டிக்குப் பின்னால ஒதவும்னு ஒரு மாருதி இன்ஜின் தனியா வாங்கி வச்சிருந்தாங்க. அதத் தூக்கிட்டுப் போயி மாட்டிக் குடுத்தாங்க. கொட்டகையச் சாத்திட்டு அண்ணந்தம்பி ரெண்டு பேருமே செஞ்சாங்க."

"கண்காட்சி அன்னிக்கு அந்த இன்ஜினோடதான் கேட்ட மறிச்சாரா?"

"அதுக்கப்புறமும் அப்பா போனாங்க. கார்புரேட்டர் அடைச்சிருக்குன்னு போன் வந்துச்சு. போயி கழுவிக் குடுத்துட்டு வந்தாங்க."

குந்தவைக்கு ரத்தம் தலைக்கேறியது. இப்போதே போய் அத்தனை தொப்பிகளுக்கும் முன்னால் மோரிஸின் பானெட்டைத் தூக்கி நிறுத்த வேண்டும். உங்கள் கிளாசிக்கின் வயிற்றுக்குள் இருப்பது எங்கள் டப்பா என்று கத்த வேண்டும். கிளம்பிவிட்டாள். அம்மா மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம்டி. கேட்டுல வச்சு அப்பா ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். அவங்க சொல்லல. நீ சொல்லாத."

அம்மாவின் பிடி இறுகியது. குந்தவை பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பாடை கட்டி முடிந்திருந்தது. துபாயிலிருந்து காலையில்தான் வந்து இறங்கிய தம்பி செந்தில்குமார், ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டியை வாங்க நின்றான். பறை முழங்கத் தொடங்கியது. பெரியப்பா மோரிஸின் கதவைத் திறந்து சாவியை எடுத்தார். குந்தவை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க பெரியப்பா."

"ஏன்?"

"சத்தம் கேட்டா அம்மா எந்திரிச்சிடுறாங்க. அப்பா வந்துட்டாருன்னு வெந்நி வைக்கச் சொல்றாங்க."

பெரியப்பா அவளைப் பார்த்தார். பார்வை தானாக பானெட்டுக்குப் போய்த் திரும்பியது. காலர் வியர்வையில் நனைந்துவிட்டது.

"ஒங்கப்பன் யார்ட்டயும் சொன்னதில்லையா?"

"சொல்லிருந்தா இந்தத் தொப்பியெல்லாம் உங்க பின்னால நிக்குமா?"

அவர் வாயைத் திறந்தார். எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள். மன்னிப்பு கின்னிப்பு என்று ஏதாவது சொல்லிவிட்டால், சரி விடுங்க என்று பதில் சொல்லத் தோன்றிவிடும்.

"தலைவரே, எடுக்கலாமா?" என்றார் மிக்ஸிக்காரர்.

பெரியப்பா சாவியைச் சட்டைப் பையில் போட்டார்.

"பேட்டரி வீக்கு. தள்ளி ஓரமா விடுங்கய்யா."

சங்கத்து ஆட்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தள்ளினார்கள். சம்பங்கி மாலையோடு மோரிஸ் மைனர் தெருவில் மெல்ல உருண்டு, வைக்கோல் போருக்குப் பக்கத்தில் போய் நின்றது. என்ன இருந்தாலும் பழைய வண்டிதானே, நம்ப முடியுமா என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பெரியப்பாவின் காதிலும் விழுந்தது. குந்தவைக்கு அது இனித்தது. சாவு வீட்டில் இப்படி இனிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். இனிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பாடை தூக்கினார்கள். பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, முன்னால் போகாமல், பாடைக்குப் பின்னால் கடைசி ஆளாக நடந்தார்.

குந்தவை கொட்டகைக்குப் போனாள். சோக்கை இழுத்து, ஆக்ஸிலேட்டரை ஒரு தரம் அழுத்தி விட்டு, அப்பா செய்வது போலவே சாவியைத் திருப்பினாள். மாருதி ஒரே திருப்பில் கிளம்பியது. பெரியப்பாவிடம் என்ன சொல்லியிருந்தாலும், வண்டி கிளம்பிப் போகும் சத்தத்துக்கு அம்மா என்றைக்குமே எழுந்ததில்லை, வரும் சத்தத்துக்குத்தான். ஊர்வலத்தின் வேகத்துக்கு முதல் கியரிலேயே ஊர்ந்தாள். முன்னால் பொரியும் பூவும் இறைத்துக்கொண்டே போனார்கள். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். அதில் பாதி, அப்பா இந்தக் காரின் டிக்கியில் நாற்றுக்கட்டு ஏற்றிவந்து நட்ட வயல். அழுகை அப்போதுதான் வந்தது. கண்ணை மறைத்தது. துடைத்துத் துடைத்து ஓட்டினாள்.

மதகைத் தாண்டிப் பெண்கள் சுடுகாட்டுப் பக்கம் போகக் கூடாது. வண்டியை நிறுத்தினாள். பாடை கரையில் ஏறி, மூங்கில் புதருக்கு அப்பால் திரும்பியது. பறைச் சத்தம் தேய்ந்து, இன்ஜின் சத்தம் மட்டும் மிஞ்சியது. கூடவே வந்த அத்தைமார்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்ப ஆரம்பித்தார்கள்.

வண்டியைத் திருப்பினாள். இனி நேராக வீட்டுக்குத்தான் போக வேண்டும். மதகுத் திருப்பத்தில் கியர் மாற்றி, தெருவுக்குள் இறங்கி.

கியரில் வைத்த கையை எடுத்தாள். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். இறங்கி, கதவைத் திறந்தபடியே ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

"ஏன்டி, பெட்ரோல் இல்லியா?" என்றாள் ஓர் அத்தை.

"இருக்கு அத்த."

"அப்புறம் என்ன?"

"தள்ளுங்களேன்."

அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் போனாள். மற்ற இரண்டு அத்தைமார்களும் சேர்ந்துகொண்டார்கள். வழியெல்லாம் இறைந்து கிடந்த பொரி சக்கரத்துக்கு அடியில் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். உள்ளே, பெட்டி இருந்த இடத்துக்கு எதிரே, அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வண்டி கொட்டகைக்குள் போய் நின்றது. அம்மா திரும்பவில்லை.