புகார்ப் பெட்டியில் விழுந்த ஓட்டு

ஜனக்புரியில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத் தேர்தலுக்கு உஷாராணியைத் தேர்தல் அதிகாரியாகப் போட்டதில் ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை. பார்க்கிங்குக்கு அடித்துக்கொள்கிறவர்கள், தண்ணீர் மோட்டாருக்கு அடித்துக்கொள்கிறவர்கள், தெருநாய்க்குச் சப்பாத்தி போடலாமா கூடாதா என்று அடித்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாகக் கை தூக்கினார்கள். மேடம் மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர், எத்தனையோ நிஜத் தேர்தல்களில் டியூட்டி பார்த்தவர், எந்தப் பக்கமும் சாயாதவர் என்று இந்தியில் புகழ்ந்தார்கள். சாய்வதற்கு ஒரு பக்கம் வேண்டாமா? பிள்ளை குட்டி கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் வீட்டு மணியை அடிக்கிறவர்கள் கூரியர்க்காரனும் வள்ளியும்தான். இதெல்லாம் உஷாராணிக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நாலு பேர் சேர்ந்து அவள் பெயரைச் சொன்னார்கள்.

வள்ளி கீழ் மாடிக்காரி. அந்தக் குடியிருப்பில் உஷாராணியை விட்டால் தமிழ் வீடு அது ஒன்றுதான். வள்ளியின் புருஷன் ராஜவேல் துணை ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கோயமுத்தூர்ப் பக்கம். வள்ளி தினம் சாயங்காலம் மாடியேறி வருவாள். இரண்டு டம்ளர் காப்பி, ஒரு மணி நேரம் பேச்சு. காலையிலிருந்து காய்கறிக்கார பையாவிடமும் வேலைக்கு வருகிறவளிடமும் அச்சா, டீக் ஹை என்று இந்தியில் தேய்ந்துபோன நாக்கு, அந்த ஒரு மணி நேரத்தில்தான் உஷாராணிக்குத் திரும்பக் கிடைக்கும். திருநெல்வேலிக்காரியின் பேச்சும் கோயமுத்தூர்க்காரியின் பேச்சும் ஒன்றையொன்று கேலி செய்துகொண்டே பழகிவிட்டன.

இந்த ராஜவேல்தான் தலைவர் பதவிக்கு நின்றார். எதிரே சத்தா என்கிற பஞ்சாபிக்காரர், மூன்று தடவை தலைவராக இருந்தவர். மற்றப் பதவிகளுக்குப் போட்டியே இல்லை. ராஜவேல் சும்மா நிற்கவில்லை, ஒரு வீறாப்போடு நின்றார். தோற்றால் வீட்டை விற்றுவிட்டுக் கோயமுத்தூருக்குப் போய்விடுவேன் என்று பார்க்கில் நாலு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டார். அங்கே அவர் மகன் அபிஷேக்கும் மருமகளும் இருந்தார்கள், புதிதாக ஒரு பேத்தியும் பிறந்திருந்தாள். ராஜவேல் வாயால் ஒன்றைச் சொன்னால் அதிலிருந்து இறங்குகிற ஆள் இல்லை.

வள்ளி இதைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். உஷாராணிக்குச் சிரிப்பு வரவில்லை. நீ என்ன சொன்னாய் என்று கேட்டாள்.

“நான் என்னத்தச் சொல்றதுங்க்கா. அவரு இருக்கிற எடந்தானே எனக்கு” என்றாள் வள்ளி.

அன்றிலிருந்து உஷாராணியின் மனம் ஒரேயடியாகச் சாய்ந்துவிட்டது. ராஜவேல் ஜெயிக்க வேண்டும். அவர் நல்லவரா, சத்தா நல்லவரா, தண்ணீர் வருமா வராதா, எதுவும் அவளுக்குப் பொருட்டில்லை. ராஜவேல் ஜெயித்தால் வள்ளி இருப்பாள், அவ்வளவுதான். மனம் இப்படிச் சாய்ந்துவிட்டது என்று தெரிந்ததால்தான் அவள் விதிகளை அத்தனை கடுமையாக எழுதினாள். தன்னையே நம்பாதவர்கள்தான் நல்ல பூட்டாகப் பார்த்து வாங்குவார்கள்.

ஓட்டுச் சீட்டின் பின்பக்கம் தேர்தல் அதிகாரியின் கையெழுத்து இருக்க வேண்டும். சீட்டில் வேட்பாளர் பெயருக்கு நேரே டிக் மட்டும்தான். போட்டவர் யார் என்று காட்டிக்கொடுக்கிற எழுத்தோ குறியோ இருந்தால் அந்த ஓட்டுச் செல்லாது. எண்ணுகிற இடத்தில் வேட்பாளர் நிற்கக்கூடாது, ஆளுக்கு ஒரு ஏஜெண்டை அனுப்பலாம். ஒவ்வொரு சீட்டையும் இரண்டு ஏஜெண்டுக்கும் காட்டிவிட்டுத்தான் அடுக்க வேண்டும். சமமாக வந்தால் குலுக்கல். எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் உறையில் போட்டு அரக்கு வைத்து, அலமாரியில் பூட்டி, ஆட்சேபத்துக்கான கெடு தீர்ந்ததும் எரித்துவிட வேண்டும். யார் ஓட்டு யாருக்கு விழுந்தது என்பது தெரியவந்தாலும் தேர்தல் அதிகாரி வாய் திறக்கக்கூடாது. தேர்தல் அதிகாரிக்கு ஓட்டும் கிடையாது. கடைசி விதியை யாரும் கேட்கவில்லை, அவளாகச் சேர்த்தாள்.

அதோடு நின்றிருக்கலாம். வேட்பாளரின் பெண்டாட்டி அதிகாரியின் வீட்டில் தினம் காப்பி குடிப்பது அழகாக இருக்காது என்று தோன்றியது. ஓட்டு எண்ணுகிற வரைக்கும் வர வேண்டாம் என்று வள்ளியிடம் சொன்னாள். வள்ளி, “சரிங்க்கா, ரூல்னா ரூல்தானுங்களே” என்று சொல்லிப் படியிறங்கிப் போனாள்.

இரண்டு வாரம். சாயங்காலம் என்பது அத்தனை நீளமானது என்று உஷாராணி மறந்தே போயிருந்தாள். டி.வி.யைப் போட்டாள், அணைத்தாள். பால்கனியில் நின்று மெட்ரோ போவதைப் பார்த்தாள். ஒருநாள் பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் காப்பி கலந்துவிட்டு, இரண்டையும் தானே குடித்துவிட்டு, நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருந்தாள். வள்ளி கோயமுத்தூர் போய்விட்டால் மிச்ச ஆயுசு இப்படித்தான் என்று அப்போது தெளிவாகத் தெரிந்தது. பயமாக இருந்தது.

தேர்தல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்பின் ஹாலில் நடந்தது. ஓட்டுப் பெட்டி வாங்கச் சங்கத்துக்கு மனசு வராததால், ஆபீஸ் வாசலில் தொங்கிய தகரப் புகார்ப் பெட்டியைக் கழற்றிக் கொடுத்தார்கள். புகாரைப் பெட்டியில் போடுகிற பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை, நேரே கத்திவிடுவார்கள். உஷாராணி பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஒரு பழைய பிஸ்கட் உறையை எடுத்துப் போட்டு, காலிப் பெட்டியை எல்லாருக்கும் கவிழ்த்துக் காட்டிப் பூட்டினாள். பூட்டின் மேல் நூல் சுற்றி அரக்கை உருக்கி ஊற்றினாள். சீல் கிடையாது, அஞ்சு ரூபாய் நாணயத்தை அழுத்தினாள்.

வள்ளி மத்தியானம் வந்தாள். இஸ்திரி போட்ட புடவை. சீட்டை வாங்கிக்கொண்டு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனவள் சீக்கிரமே வெளியே வந்து, மடித்த சீட்டைப் பெட்டியில் போட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்ச நேரந்தான், நாளைக்குக் காப்பிக்கு வந்துவிடுவாள் என்று உஷாராணி நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் எண்ணிக்கை. ராஜவேலுக்கு ஏஜெண்டாக அர்விந்த் என்கிற வங்கி அதிகாரி வந்தார். சத்தாவுக்கு மிஸஸ் பல்லா வந்தாள், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவள். இரண்டு பேருக்கும் தமிழ் வாடையே கிடையாது. வேட்பாளர்கள் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உஷாராணி ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டி, இரண்டு அடுக்காக வைத்துக்கொண்டே போனாள். இரண்டும் சரிசமமாக வளர்ந்தன.

பாதிக்கு மேல் போன பிறகு அந்தச் சீட்டு வந்தது. உச்சியில், நட்டநடுவில், ஒரு பிள்ளையார் சுழி. அடியில் இரண்டு கோடு.

உஷாராணியின் கை நின்றது. பேனாவைக் காகிதத்தில் வைத்தால் முதலில் பிள்ளையார் சுழி போடாமல் வள்ளிக்கு ஒன்றும் ஓடாது. மளிகைச் சாமான் சீட்டு, பாங்கு சலான், லிஃப்ட் ரிப்பேர் என்று எழுதி ஒட்டிய அட்டை, எல்லாவற்றிலும் சுழி இருக்கும். விதியைப் படித்துக் காட்டியபோது தலையாட்டியவள்தான். குறி என்று சொன்னது தன் சுழியையும் சேர்த்துத்தான் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. வேறு யாரும் போட்டிருக்க வழியில்லை. உஷாராணிக்கு ஓட்டு இல்லை. ராஜவேலுக்குச் சாமி பூதம் எதிலும் நம்பிக்கை இல்லை.

சுழியைப் பார்த்த பிறகுதான் டிக்கைப் பார்த்தாள். அது சத்தாவின் பெயருக்கு நேரே இருந்தது.

கை தவறியிருக்குமோ என்று முதலில் தோன்றியது. இரண்டே பெயர், அதில் ஒன்று புருஷன் பெயர், அதிலா தவறும்? அதுவும் டிக் லேசாக இல்லை. ஒரு தடவை போட்டு, அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்திப் போட்டிருந்தது. வள்ளிக்குப் போக வேண்டும். பேத்தியிடம் போக வேண்டும். புருஷனிடம் சொல்லத் தைரியம் இல்லை, அது போகட்டும். உஷாராணியிடம்கூடச் சொல்லவில்லையே. இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்தவளிடம் சொல்லாததை ஒரு தகரப் பெட்டியிடம் சொல்லியிருக்கிறாள்.

ஏஜெண்டுகளும் பார்த்துவிட்டார்கள். அர்விந்த் உடனே இது செல்லாது, குறி இருக்கிறது என்றார். மிஸஸ் பல்லா விடவில்லை. பேனா எழுதுகிறதா என்று யாரோ கிறுக்கிப் பார்த்திருக்கிறார்கள், கிறுக்கினால் ஓட்டுப் போய்விடுமா, போட்டவர் யார் என்று தெரிந்தால்தானே செல்லாது என்று விதியையே எடுத்துப் படித்தாள். கடைசியில் பார்க்கலாம் என்று உஷாராணி அதைத் தனியே வைத்தாள்.

கடைசியில் அது வந்து நின்ற இடம் அப்படி. அந்த ஒரு சீட்டை ஒதுக்கினால் இருவரும் சமம், குலுக்கல். சேர்த்தால் சத்தாவுக்கு ஒரு ஓட்டு அதிகம்.

“மேடம், இது ஏதாவது பாஷையில் எழுத்தா? உங்களுக்குத் தெரிகிறதா?” என்று அர்விந்த் இந்தியில் கேட்டார்.

நிஜத்தைச் சொல்ல வேண்டியதுதான். இது தமிழர் போடுகிற குறி, இந்த ஓட்டுச் செல்லாது என்று ஒரு வாக்கியம். காரணம் சொல்லாமல் ஒதுக்க மிஸஸ் பல்லா விடமாட்டாள். விதி அதைத்தான் சொல்லியது, அவள் மனமும் அதற்குத்தான் துடித்தது. குலுக்கலில் ராஜவேல் பெயர் வரலாம், வள்ளி இங்கேயே இருக்கலாம். ஆனால் சொன்ன மறுநிமிஷம் அர்விந்த் வெளியே போய் ராஜவேலிடம் சொல்லுவார். ஓட்டுப் போட்ட தமிழ்ப் பெண் ஒருத்திதான். பார்க்கில் நாலு பேருக்கு முன்னால் வாய்விட்ட மனுஷன், தன் பெண்டாட்டியே தனக்கு எதிராகப் போட்டாள் என்பதை ஆயுசுக்கும் மறக்கமாட்டார். அப்புறம் வள்ளி இங்கே இருந்தால் என்ன, கோயமுத்தூரில் இருந்தால் என்ன. யார் ஓட்டு என்று வாய் திறக்கக்கூடாது என்பதும் அவள் எழுதிய விதிதான். ஒரு விதியைக் காப்பாற்ற இன்னொன்றை உடைத்தாக வேண்டும்.

“கிறுக்கல்தான், ஓட்டுச் செல்லும்” என்று இந்தியில் சொல்லிவிட்டுச் சீட்டைச் சத்தாவின் அடுக்கில் வைத்தாள். சர்வீஸில் இருந்தவரை ஒரு ஓட்டு விஷயத்திலும் அவள் பொய் சொன்னதில்லை.

உறையை ஒட்டி அரக்கு ஊற்றும்போது விரலில் ஒரு சொட்டு விழுந்தது, துடைக்கத் தோன்றவில்லை. ராஜவேல் உள்ளே வந்தார். முகம் செத்துப் போயிருந்தாலும் முதுகு வளையவில்லை. மறு எண்ணிக்கை கேட்க அவருக்கு உரிமை உண்டு. கேட்டுவிடுவாரோ என்று உஷாராணி பயந்தாள். “நீங்க எண்ணினா சரியாத்தாங்க இருக்கும் மேடம்” என்று சொல்லி, சத்தாவுக்குக் கை கொடுத்துவிட்டு நடந்தார். அவர் சண்டை போட்டிருந்தாலே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். குளிர்காலம் வருவதற்குள் வீடு விலைபோயிற்று. அந்த நாட்களில் வள்ளிக்கு மூட்டை கட்டவே நேரம் சரியாக இருந்தது, மேலே வந்தாலும் நின்றபடியே பேசிவிட்டு ஓடுவாள். கிளம்புகிற நாளன்று, லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருக்கும்போது மாடியேறி வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்தாள். உஷாராணி காப்பி கலந்து கொடுத்தாள். வள்ளி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

“எனக்குப் போறதுக்கு மனசே இல்லீங்க்கா. அந்த ஒரு ஓட்டு மட்டும் இந்தப் பக்கம் உழுந்திருந்தா, உங்ககூடவே இருந்திருப்பேனுங்க. எந்தப் பாவி போட்டானோ.”

அழுகை நிஜம். அதில் உஷாராணிக்குச் சந்தேகமே இல்லை. நான் பார்த்தேன் வள்ளி, உன் சுழியைப் பார்த்தேன், நீ போகத்தான் வேண்டும், போய்ப் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொள், எனக்கு வருத்தமில்லை என்று சொல்லிக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. சொன்னால் வள்ளி அந்த இடத்திலேயே குன்றிப் போவாள். இனி எந்த ஊரிலிருந்தும் போன்கூடப் பண்ணமாட்டாள்.

“போட்டவங்களைத் திட்டாத வள்ளி” என்றாள் உஷாராணி. “அவங்களுக்கும் ஏதாவது நியாயம் இருக்கும்லா.”

வள்ளி தலை நிமிரவில்லை. சரிங்க்கா என்றாள். கீழே ராஜவேல் லாரிக்காரர்களை ஜல்தி, ஜல்தி என்று அவசரப்படுத்துகிற குரல் கேட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊருக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

உஷாராணி பால்கனிக்குப் போகவில்லை. வள்ளி உட்கார்ந்த இடத்துக்கு எதிரே உட்கார்ந்து அழுதாள். போக மனசே இல்லை என்று வள்ளி சொன்னது தன்னைத் தேற்றத்தான் என்று தெரியும். ஆனாலும், போக ஆசையாக இருக்கிறது அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சிநேகிதியை வழியனுப்பிய துக்கத்தோடு போயிருக்கும். இப்போது இத்தனை வருஷத்துப் பேச்சில் எது மனசிலிருந்து வந்தது, எது தனக்காகச் சொன்னது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்பதற்கும் வள்ளியை விட்டால் வேறு ஆள் இல்லை.