நான்கு பேருக்கான வருடப் பாஸ்

…அதெப்படி, நான்கு பேருக்குச் சேர்த்து எடுத்தால் மூன்று பேருக்குத் தனித்தனியாக எடுப்பதைவிடக் குறைவாக வரும், எந்த ஊர்க் கணக்கு அது, என்று அவள் சுவரிலிருந்த விலைப்பலகையை மூன்றாவது தடவையாகப் படித்தாள், படித்தால் மாறிவிடுமா என்ன, மாறவில்லை, குடும்பப் பாஸ் நால்வருக்கு என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள் என்று பொம்மை மாதிரி ஒரு படமும் போட்டிருந்தார்கள், நான்கு பேரும் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு. கையிலிருந்த டோக்கன் நாற்பத்தேழு. மேலே சிவப்பு விளக்கில் நாற்பத்தொன்று. பூங்காவின் வெளிவாசலை ஒட்டிய சின்ன அலுவலகம், நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள், தரையெல்லாம் ஈரக் காலடித் தடங்கள், தண்ணீர்ச் சவாரியில் நனைந்தவர்கள் எல்லோரும் இந்த வழியாகத்தான் வெளியே போகிறார்கள்போலும். குட்டி பக்கத்து நாற்காலியில் கால் தரையில் படாமல் உட்கார்ந்து, நனைந்த காலுறைகளைக் கழற்றிப் பிழிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து மடியில் வைத்திருந்தாள். எட்டரை வயதுப் பெண் காலுறையை இவ்வளவு ஒழுங்காக மடிக்க வேண்டுமா? யார் சொல்லிக் கொடுத்தது இதெல்லாம்?

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகவே இப்படி ஆகிவிட்டாள். முன்பெல்லாம் ஒன்று வேண்டுமென்றால் கடை நடுவில் தரையில் உருண்டு ஊரைக் கூட்டிவிடுவாள், அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் இவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இப்போது எதையும் ஒரே ஒரு தடவைதான் கேட்கிறாள், அதையும் மெதுவாக, காதில் விழாவிட்டாலும் பரவாயில்லை என்பதுபோல. இன்றைக்கும் அப்படித்தான், வெளியே போகலாம் என்று கிளம்பியபோது, அம்மா, பாஸ் திரும்ப எடுக்கலாமா, என்றாள், இவள் பதில் சொல்வதற்குள், வேணாம்னா வேணாம், என்று அவளே முடித்தும் விட்டாள். அந்த வேணாம்தான் இவளைப் பிடித்து இழுத்து வந்து இந்த நாற்காலியில் உட்கார வைத்தது. இல்லாவிட்டால் நேரே பேருந்து நிறுத்தத்துக்குப் போயிருப்பாள். போயிருக்கலாம். இப்போதுகூடப் போகலாம், டோக்கனைக் கசக்கிப் போட்டுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்… ஆறு நாளில் பழைய பாஸ் முடிகிறது, உங்கள் நால்வர் குடும்பத்துக்குச் சிறப்புச் சலுகை காத்திருக்கிறது, என்று தினமும் காலையில் குறுஞ்செய்தி வருகிறது. உங்கள் நால்வர் குடும்பம். அனுப்புவது ஒரு இயந்திரம், அதற்கு என்ன தெரியும். தெரிந்த மனிதர்களே வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பாஸ் என்ற பேச்சை முதலில் எடுத்தவனே பெரியவன்தான். போன வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டு வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றான். நாலு தடவை போனா போட்ட காசு திரும்பிடும்ப்பா, அஞ்சாவது தடவையிலிருந்து எல்லாமே ஓசி. அச்சகத்தில் இயந்திரம் ஓட்டிவிட்டு வந்த களைப்பிலும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார், இவனை வக்கீலுக்குப் படிக்க வைத்தால் நம் சொத்தையே எழுதி வாங்கிவிடுவான் என்றார், எந்தச் சொத்து என்று இவள் கேட்டாள், எல்லோரும் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பு அந்த வீட்டில் இருந்தது, பொய்யில்லை. பாஸ் எடுத்து இரண்டு மாதத்துக்குள் மூன்று தடவை வந்துவிட்டார்கள். மூன்றாவது தடவை திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் தூங்கியவனை எழுப்பி இறக்க மனசு வராமல் அவர் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார், ஒன்பது வயதுப் பையன், கால் இரண்டும் அவர் முழங்கால்வரை தொங்கியது. பத்து நாள் கழித்துக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான் என்றார்கள், பிறகு மூளைக்குப் போய்விட்டது என்றார்கள், பதினோரு நாள், அவ்வளவுதான், பதினோரு நாளில் எல்லாம். நாலு தடவை என்றானே. மூன்றோடு நின்றுவிட்டது. போட்டது திரும்பவில்லை, கண்ணா, உன் கணக்கு ஒரே ஒரு தடவையில் தப்பிவிட்டது… சே, இதையா நினைப்பது, பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது.

நாற்பத்துமூன்று. ஒரு குடும்பம் எழுந்து கவுண்ட்டருக்குப் போனது, அப்பா, அம்மா, கைக்குழந்தை, ஒரு பையன். எத்தனை பேர் என்று எண்ணாமல் ஒரு குடும்பத்தைப் பார்க்க இனி இந்தக் கண்ணால் முடியாதா? கடையிலும் இதே கதைதான். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள், சட்டத்துக்குப் பொருந்துகிற மாதிரி விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும், இம்மி கூடினாலும் உள்ளே போகாது, இம்மி குறைந்தாலும் கழன்று விழுந்துவிடும். அன்றைக்கு ஒரு வாடிக்கையாளர், நல்ல மனுஷி, உங்களுக்கு எத்தனை குழந்தைங்க என்று சும்மா பேச்சுக்குக் கேட்டாள், ரெண்டு என்று வாய் சொல்லிவிட்டது, என்ன படிக்கிறாங்க என்ற அடுத்த கேள்வியில் இயந்திரத்தில் வைத்த லென்ஸ் கூடுதலாகத் தேய்ந்துபோய், முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ரெண்டு என்றால் பொய்யா? ஒன்று என்றால் மட்டும் உண்மையா?

காலையில் அவர் வரமாட்டேன் என்று சொன்னபோது அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வாசலில் நின்று குட்டியின் ஷூ நாடாவைக் கட்டிவிட்டு, தலையைத் தூக்காமலே, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, ரெண்டு பேருன்னா சரியா இருக்கும், என்றார். எப்படிச் சரியாக இருக்கும்? தப்பித்துக்கொள்கிறார், எப்போதும் இவர் இப்படித்தான், ஆஸ்பத்திரியிலும் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார், எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டு… என்று பேருந்தில் வழியெல்லாம் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். படகுச் சவாரி வரிசையில் நின்றபோதுதான் உறைத்தது. படகுக்கு முன்னால் நின்றிருந்த பணியாளர் விரலைக் காட்டி எத்தனை பேர் என்று ஒவ்வொருவரையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். முன்னால் இருந்தவர்கள் மூன்று பேர். ரெண்டு பேர் இங்க, ஒருத்தர் பின்னாடி தனியா உக்காரணும், யாரு தனியா, என்றார். எல்லாச் சவாரியும் இப்படித்தான், படகு, ரயில், சுற்றுகிற கோப்பை, எங்கே போனாலும் இரண்டிரண்டாகத்தான் இருக்கை. போன வருஷம் அவரும் பெரியவனும் முன்னால், இவளும் குட்டியும் பின்னால். அவர் இதை முன்பே நினைத்துப் பார்த்திருக்கிறார். மூன்று பேராக வந்தால் யாராவது ஒருவர் காலி இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், அந்த ஒருவர் குட்டியாக இருக்கக்கூடாது, அவளாகவும் இருக்கக்கூடாது, தன்னால் அது முடியாது, ஆகவே வரவில்லை. அதைத்தான் சரியா இருக்கும் என்றார், அந்த மனிதருக்கு அதற்குமேல் வாய் வரவில்லை. படகு மேட்டிலிருந்து விழுந்தபோது தண்ணீர் அறைந்ததில் முகமெல்லாம் நனைந்தது நல்லதாய்ப் போயிற்று. குட்டி மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு, கம்பியைப் பிடித்திருந்த இவள் கையின்மேல் தன் கையை வைத்தாள்.

ஆக, எடுப்பதா வேண்டாமா? எடுத்தால் வர வேண்டும். இன்னும் நான்கு தடவை வருவாளா, வர முடியுமா அவளால்? இன்றைக்கே காலையில் வாசலைத் தாண்டி உள்ளே கால் வைக்க எவ்வளவு பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் குட்டி இன்று சிரித்தாள், இரண்டு தடவை, ஒன்று அந்த ஆடும் கப்பலில், இன்னொன்று கரடி வேஷக்காரர் தலையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தபோது. வருடத்துக்கு எத்தனை சிரிப்பு வந்தால் போட்டது திரும்பும்? யாரிடம் கேட்பது இந்தக் கணக்கை, கேட்டால் சொல்லக்கூடியவன் இல்லையே… நாற்பத்தேழு என்று மணி அடித்தது. மதில்மேல் பூனையாகவே இருந்தவள் குட்டி எழுந்துவிட்டதால் எழுந்தாள்.

கவுண்ட்டர் பெண்ணுக்கு இருபது இருபத்திரண்டு வயது இருக்கும், நாள் முழுக்கப் பேசித் தொண்டை கட்டியிருந்தது, ஆனாலும் சிரித்த முகம். பழைய அட்டையை வாங்கிக் கருவியில் காட்டினாள், திரையில் நான்கு முகங்களும் வரிசையாக வந்து நின்றன. கடைசியில் அவன். அன்று முதல் படத்தில் கண்ணை மூடிவிட்டான், இரண்டாவதில் சிரிப்பை அடக்கிக்கொண்டு உதட்டை உள்ளே மடித்திருந்தான், அந்த உதடு, அப்படியே. பெண் பாட்டுக்குத் தட்டச்சு செய்துகொண்டே, இதே நாலு பேரையும் புதுப்பிச்சிடலாம்ல மேடம், குழந்தைங்களுக்கு மட்டும் வருஷா வருஷம் புதுப் போட்டோ எடுக்கணும், என்று சொல்லிவிட்டுக் கவுண்ட்டருக்கு மேலே எட்டிக் குட்டியைப் பார்த்தாள். இன்னொருத்தர் வந்திருக்காரா?

குட்டிதான் சொன்னாள்.

“அண்ணா வரல.”

பரவாயில்லை, அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கலாம் என்றாள் அந்தப் பெண், தப்பு அவளுடையதல்ல, அவள் தினமும் நூறு அண்ணாக்களைப் பார்க்கிறவள். இப்போது தலையை ஆட்டினால் போதும். அவன் முகம் அந்தத் திரையில் இன்னும் ஒரு வருஷம் இருக்கும், உதட்டை மடித்துக்கொண்டு, இடத்தை விட்டு நகராமல், போதாக்குறைக்கு அதுதான் மலிவும்கூட. யாருக்கு நஷ்டம்? ஆனால் ஒவ்வொரு தடவை வாசலில் கேட்பார்களே, நாலாவது ஆள் எங்கே, போட்டோ எடுக்கணுமே என்று, ஒவ்வொரு தடவையும் இந்தச் சின்ன வாய் அண்ணா வரல என்று சொல்ல வேண்டுமா, அம்மாவுக்காக?

“மூணு பேருக்குங்க,” என்றாள்.

மூணுன்னா தனித்தனியாத்தான் மேடம் போடணும், கூடத்தான் ஆகும், நாலாவது ஆள் வராட்டியும் நாலு எடுக்கிறதுதான் லாபம், என்று அந்தப் பெண் தன் வீட்டு மனிதர்களுக்குச் சொல்வதுபோல் அக்கறையாகச் சொன்னாள். தெரியும்மா என்றாள் இவள். அப்ப இவர் பேரை எடுத்துடவா? அம்புக்குறி அவன் முகத்தின்மேல் போய் நின்றது. பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், பதிவேட்டிலிருந்து எடுத்துடலாமா என்று, பதில் சொல்லாமலே வந்துவிட்டாள். மருத்துவமனையில் வேறு எதை எதையோ எடுத்துடலாமா என்று கேட்டார்கள், அங்கே சொல்ல வேண்டியிருந்தது. இப்போது இங்கே, கரடி பொம்மை ஒட்டிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, எடுத்துடுங்க என்று தன் குரல் சொன்னதை அவளே கேட்டாள், தேய்த்த விளிம்புபோல அவ்வளவு சமமாக இருந்தது அந்தக் குரல். முகம் போயிற்று. மற்ற மூன்றும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டன.

குட்டியைப் படம் எடுத்தார்கள். பிறந்த தேதி சரிதானே என்று பெண் வாசித்துக் காட்டினாள், அடுத்த வருஷம் இதே தேதிவரைக்கும் செல்லும் என்றாள், மூன்று அட்டைகளையும் உறையில் போட்டுக் கொடுத்தாள். இவள் நன்றி சொன்னாளா இல்லையா என்று நினைவில்லை. வெளியே வெயில் இறங்கியிருந்தது, பேருந்து நிறுத்தத்துக்குப் போகிற பாதையில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவரையும் சேர்த்து மூன்று எடுத்தாயிற்று, வீட்டில் போய் என்ன சொல்வது, யாராவது ஒருவர் பின்னால் தனியாக உட்காரத்தான் வேண்டும், மாறி மாறி உட்காருவோம் என்று சொல்லலாமா, முதல் தடவை நானே உட்காருகிறேன் என்று… குட்டி தன் அட்டையை உறையிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டே நடந்தாள், ஈர ஷூ சப் சப்பென்று ஒலித்தது.

“அம்மா, நான் அண்ணாவைவிட மூத்தவளாயிட்டா, அப்பவும் அண்ணான்னுதான் கூப்பிடணுமா?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பதினேழு மாதம்தான் வித்தியாசம் இரண்டு பேருக்கும். அவன் ஒன்பது வயது இரண்டு மாதத்தில் நின்றுவிட்டான்.

“எப்ப… அது எப்பன்னு…”

“இன்னும் எட்டு மாசம்மா. இந்தப் பாஸ் முடியுறதுக்கு முன்னாடி.”

“எப்படா எண்ணினே?”

“ரொம்ப நாளாவே எண்ணிட்டிருக்கேன்.”

ரொம்ப நாளாக. பாத்திரம் கழுவும்போது, தலை பின்னிவிடும்போது, விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தும்போது, தூங்கிவிட்டாள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தபோதெல்லாம், இந்தப் பிள்ளை தனியாக ஒரு தேதியை நோக்கி நடந்துகொண்டிருந்திருக்கிறது, பயந்துகொண்டா, ஆசைப்பட்டா, அதுகூடத் தெரியாது, அம்மாவிடம் கேட்டால் அம்மா அழுவாள் என்று கேட்காமல். பேருந்து வருவது தெரிந்தது. கூப்பிடலாம்டா, எப்பவும் அண்ணாதான், என்று சொல்ல வாயெடுத்தாள், அது சுலபமான பதில், யாரும் சொல்லக்கூடியது… ஆனால் பத்து வயதுப் பெண் ஒன்பது வயதுப் பையனை அண்ணா என்பாள், இருபது வயதில், முப்பது வயதில், குட்டியின் நெற்றியோரம் நரைத்த பிறகும் ஒன்பது வயதுப் பையனை அண்ணா என்பாள், அதை எப்படி அவளுக்குச் சொல்வது, அதை முதலில் தனக்கே எப்படி… குட்டி பதிலுக்காக முகத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள், இந்தத் தடவை வேணாம்னா வேணாம் என்று சொல்லவில்லை.