தொப்பை போட்ட பேரன்

பழைய இரும்புக் கடை வைத்துப் பிழைத்தவன் நான். பித்தளையைச் செம்பு என்று தலையில் கட்டப் பார்க்கிறவர்களோடே காலம் போய்விட்டது. அதனால் வலிய வந்து நல்லது சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

மகளுக்கு ஏழாம் மாதமே பிள்ளை பிறந்துவிட்டது. கையளவுதான் இருந்தான். கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றி, தேறியதும் தாயும் பிள்ளையும் சேர்ந்திருக்கும் வார்டுக்கு மாற்றினார்கள். மூக்குக் குழாய் வழியாகத் தாய்ப்பால் இறங்கியது. இன்னும் கொஞ்சம் எடை ஏறினால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அந்த எடைக்காக வீடே தவம் கிடந்தது.

ஒருநாள் காலையில் உள்ளே விடும் நேரத்துக்காக ஆஸ்பத்திரிக் கூடத்தில் காத்து உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் நாற்காலிகளுக்கு நடுவே நின்று பேசினாள். குறைமாதப் பிள்ளைகளுக்குக் குடல் அழுகுகிற நோய் ஒன்று உண்டாம். தேறி வருகிற பிள்ளைக்கும் திடீரென்று வருமாம். வயிறு உப்பினாலோ, பச்சையாகக் கக்கினாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். தாய்ப்பால் குடித்தால் ஆபத்து குறைவு, அதற்காக வராது என்று இருந்துவிடாதீர்கள் என்றாள்.

எந்தப் பால் பவுடர் கம்பெனி ஆள் என்று கேட்டேன். கம்பெனி இல்லை, என் பிள்ளை இதில்தான் போனான், அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை என்றாள். கடைசியில் பையிலிருந்து ஏதாவது டப்பா வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

உள்ளே போனால் மாப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல்.

"பாருங்க மாமா, அப்படியே உங்க தொப்பை."

துணியை விலக்கிப் பார்த்தேன். வயிறு மினுமினுவென்று உருண்டிருந்தது. எனக்கும் பெருமைதான். எங்கள் வீட்டில் தொப்பை இல்லாத ஆம்பிளை கிடையாது. பால் கொஞ்சம் பச்சையாகக் கக்கினான், நான் சாப்பிட்ட கீரையாக இருக்கும் என்றாள் மகள். அழவே இல்லையாம், சமர்த்தாகத் தூங்குகிறானாம்.

எனக்குக் கூடத்தில் பேசியவள் மேல்தான் கோபம் வந்தது. பிள்ளை பெற்றவர்கள் இருக்கும் இடத்தில் இப்படியா பயமுறுத்துவது? நேரே ஹெட் நர்ஸிடம் போனேன்.

"இந்தாம்மா, வெளிய ஒரு பொம்பளை பீதியைக் கிளப்பிட்டிருக்கு. வயிறு உப்பினா ஆபத்தாம், பச்சையாக் கக்கினா ஆபத்தாம். எங்க பய ரெண்டும் பண்ணிட்டு ஜம்முனு தூங்கறான். முதல்ல அதை வெளிய அனுப்புங்க."

அவள் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள்.

"எந்தக் கட்டில், பெரியவரே?"

நான் விரலை நீட்டியதுதான் தாமதம், ஓடினாள்.

டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டதும் பிள்ளை முகத்தைச் சுளித்தான். பாலை நிறுத்தினார்கள். எக்ஸ்ரே பெட்டியைக் கட்டிலுக்கே தள்ளி வந்தார்கள். அந்த நோய்தான், ஆரம்பம் என்றார் டாக்டர். கக்கியது பித்தநீர், கீரை இல்லை. குடலில் இன்னும் ஓட்டை விழவில்லை, விழுந்தால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும்.

"பிழைப்பானா? நேராச் சொல்லுங்க," என்றேன்.

"இப்பவே உறுதி சொல்ல முடியாதுங்க ஐயா. ஆனா சீக்கிரம் பாத்துட்டோம்."

உறுதி சொல்லாத மனிதர். அதனாலேயே அவரை நம்பினேன்.

பிள்ளையை மறுபடி கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோனார்கள். நரம்பில் மருந்து ஏறியது. மகள் பாலைப் பீய்ச்சிக் குளிர்பெட்டியில் சேர்த்துக்கொண்டே இருந்தாள், குடிக்க ஆளில்லாத பால். கூடத்தில் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டீ வாங்கி நீட்டினாள். குடித்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாக வயிறு வற்றியது. கத்தி படாமலே தப்பித்தான். சொட்டுச் சொட்டாகப் பாலைத் திரும்ப ஆரம்பித்த பிறகு, ஒரு மத்தியானம் ஹெட் நர்ஸ் எங்களைக் கூப்பிட்டாள். பிள்ளையின் அழுக்குத் துணியை விரித்துக் காட்டினாள்.

"ரத்தம் இல்லை. நல்லாக் குனிஞ்சு பாருங்க, நான் சொன்னா நம்பவா போறீங்க?"

குனிந்து பார்த்தேன். நல்ல மஞ்சள். மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

பிறகு நானும் மகளும் மாப்பிள்ளையும் கேன்டீனுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டோம். பீயைப் பற்றிப் பேசிப் பேசி இரண்டாம் தரம் சோறு வாங்கிய குடும்பம் அங்கே நாங்களாகத்தான் இருக்கும்.