சர்க்கரை டப்பாவுக்கு அடியில்

நான் பஸ் ஓட்டுகிறவன், என் மனைவி நர்ஸ். நான் வீடு திரும்பும் முன்பே அவள் டியூட்டிக்குக் கிளம்பிவிடுவாள். அப்போதெல்லாம் எங்கள் குடித்தனமே சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைக்கும் காலண்டர் தாளில்தான் நடந்தது. ‘சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்’ என்றுதான் எப்போதும் எழுதுவாள். பேனா அழுத்தித் தாள் கிழிந்திருந்தால், முந்தின நாள் சண்டை இன்னும் ஆறவில்லை என்று தெரிந்துகொள்வேன். அன்று அவள் திரும்புவதற்குள் பாத்திரமெல்லாம் துலக்கிவிடுவேன்.

இப்போது அதே வரி போனில் வருகிறது, எழுத்தெல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி. போன ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவைப் பற்றி வாய்க்கொழுப்பாக ஏதோ சொல்லிவிட்டேன். மறுநாளும் அதே வரிதான், கூடவே சிரிக்கிற பொம்மை. நானும் நம்பித் தொலைத்தேன். நான்காம் நாள் போனிலேயே வெடித்தாள்.

“மூணு நாளா கோவமா இருக்கேன், அதுகூடவா தெரியல உங்களுக்கு?”

“சிரிக்கிற பொம்மை அனுப்பினியே!”

“அதப் போன் தானா ஒட்டுது. நானா சிரிச்சேன்?”

நேற்று வீட்டுக்கு வந்தால், சர்க்கரை டப்பாவுக்கு அடியில் காலண்டர் தாள். ‘சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்.’ மூன்று இடத்தில் கிழிந்திருந்தது.

அப்பாடா என்றிருந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாத்திரம் துலக்கப் போனேன்.