மூன்று அப்பாக்காரி

இந்தக் காலத்தில் கெடுதல் செய்கிறவன் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போய்விடுகிறான். நல்லது செய்கிறேன் என்று வருகிறவன்தான் பேனாவை நீட்டுகிறான். பழைய ஊரில் முப்பது வருஷம் வெல்டிங் பட்டறையில் இருந்தேன். படித்துப் பார்க்காமல் போட்ட ஒரே கையெழுத்தில் வேலை போய் வெளியே வந்தேன். அதனால், பேத்தியின் வகுப்பு டீச்சர் கூப்பிட்டனுப்பியபோது, படிக்க முடியவில்லை என்று கையெழுத்தைத் தட்டிக்கழிக்கலாமே என்று மூக்குக்கண்ணாடியை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

விஷயம் இதுதான். நாங்கள் ஊரைவிட்டு இந்த இங்கிலீஷ் தேசத்துக்கு வந்து நாலு மாசம். பேத்தி பட்டாணி மூன்றாம் வகுப்பு. யாரோ ஒருத்தர் வந்து இங்கிலீஷில் பரீட்சை வைத்து, இவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, திங்கட்கிழமை முதல் ஒன்றாம் வகுப்பில் உட்காரட்டும் என்று எழுதிவிட்டார். பட்டாணி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"அங்க யாருக்குமே இன்னும் பல்லு விழல தாத்தா. நான் போக மாட்டேன்" என்றாள். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்தாகிவிட்டது.

தலைமை ஆசிரியர் அறையில் டீச்சரும், தமிழ் தெரிந்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். பேத்தியே தாத்தாவுக்குத் தமிழில் சொல்லட்டுமே என்றாராம் தலைமை ஆசிரியர். யார் வழக்கோ அவளையே வக்கீலாக்கக் கூடாது என்று டீச்சர் அடம்பிடித்து இந்தப் பெண்ணை வரவழைத்தாளாம். கெட்டிக்காரிதான், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் பரீட்சைத் தாளை விரித்தாள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று முதல் கேள்வி. பட்டாணி, "எந்த அப்பா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். பெரிய அப்பா, அப்பா, சின்ன அப்பா, மூன்று பேரும் ஒரே வீட்டில் என்று இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள். பிள்ளைக்குக் குழப்பம், அப்பாவையே எண்ணத் தெரியவில்லை என்று பரீட்சை வைத்தவர் எழுதிவிட்டார்.

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கி, குழந்தைக்கு உண்மையில் எத்தனை அப்பா என்றார்.

"ஏம்மா, என் மருமகளப் பத்தி என்ன கேக்கறாரு இவரு?" என்று எழுந்துவிட்டேன்.

"உக்காருங்கய்யா, அவருக்கு முறை தெரியாது" என்று அந்தப் பெண் சிரிப்பை அடக்கினாள்.

மூத்தவன் லாண்டரியில், நடுவுலவன் லாரியில், கடைசி பேக்கரியில் என்று விவரம் சொன்னேன். சின்ன அப்பா ஆறடி, பெரிய அப்பா அவன் தோளுக்குத்தான் வருவான் என்றும் சொன்னேன். டீச்சர் தன் பங்குக்குப் பெரியப்பா என்று சொல்லப் பார்த்து, "பெரிய பாப்பா" என்றாள். மீசை நரைத்த என் மகன் பாப்பாவாம்.

இவர்கள் பாஷையில் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாருக்கும் ஒரே சொல்தான் என்றாள் அந்தப் பெண்.

"எல்லாருக்கும் ஒரே பேரா? அப்ப வாசல்ல நின்னு கூப்பிட்டா எவன்மா வருவான்?" என்றேன்.

அவள் அதை அப்படியே சொல்ல, தலைமை ஆசிரியரே சிரித்துவிட்டார். டீச்சர் சிரிக்கவில்லை. பிள்ளை சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள், கேட்டவருக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்று மேசையைத் தட்டினாள். பேச்சோடு விடாமல், தமிழில் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள் என்று பட்டாணியை அழைத்து வந்தாள். பெருக்கல், வகுத்தல், கதை எல்லாம் அந்தப் பெண் தமிழில் கேட்கக் கேட்க, பட்டாணி பொரிந்து தள்ளினாள். பல் இல்லாததால் எச்சில்தான் கொஞ்சம் தெறித்தது.

மூன்றாம் வகுப்பிலேயே இருக்கலாம், தினமும் பள்ளி தொடங்கும் முன் அரைமணி டீச்சரே இங்கிலீஷ் சொல்லித்தருவாள் என்று முடிவானது. உடனே வந்தது ஒரு காகிதம், கூடவே பேனா. நான் எதிர்பார்த்ததுதான். அந்தப் பெண்ணை இரண்டு தடவை படிக்கச் சொல்லிவிட்டு, கடைசி வரியை மட்டும் மூன்றாவது தடவை கேட்டேன். பிறகுதான் போட்டேன்.

வாசல் வரை வந்த டீச்சர் கைகூப்பி, "நன்றி, பெரிய பாப்பா" என்று என்னையே சொன்னாள். பட்டாணி விழுந்து விழுந்து சிரித்தபடி வகுப்புக்கு ஓடினாள்.

யாரோ பெற்ற பிள்ளைக்காக ஒருத்தி சம்பளமில்லாமல் அரைமணி முன்னால் வருகிறாளாம். இதில் ஏதோ இருக்கிறது. அந்த ஏதோ என்னவென்று தெரியாமலா போகும் என்று சொல்லிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.