ஒன்பது கேபிள், ஒரு ட்ரே

பேருந்தில் நின்றுகொண்டே தூங்குகிறவர்கள் உண்டு. அவள் அவர்களுக்கும் ஒரு படி மேல். நின்றபடி தூங்கி, இறங்க வேண்டிய இடத்தில் சரியாக விழித்து, அடுத்த பேருந்தில் விட்ட இடத்திலிருந்து தூக்கத்தைத் தொடர்வாள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், ஆறு வருடமாக. அலுவலகத்தில் அவளுக்கு வேலை, கட்டடங்களில் மின்சாரக் கேபிள்கள் போகும் பாதையை வரைவது. எந்த வழியில் எத்தனை கேபிள் போகிறது, அவற்றைத் தாங்கும் இரும்புத் தட்டு, அதாவது ட்ரே, எத்தனை அகலம் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பாள்.

கேபிள்கள் ட்ரேயில் ஒரே வரிசையாகப் படுக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் சூடு வெளியேற வழியில்லாமல் அடியில் கிடப்பது வெந்துபோகும். எல்லாவற்றின் தடிமனையும் கூட்டி, பின்னால் வரப்போகிறவற்றுக்காக இன்னும் கால் பங்கு இடம் காலியாக விட வேண்டும். ஊரில் உள்ள ட்ரேக்கெல்லாம் இடம் விட்டுக் கொடுக்கிறவளுக்குத் தன் நாளில் கால் மணி நேரம் மிச்சம் பிடிக்கத் தெரியவில்லை என்று முன்பெல்லாம் அவளே சொல்லிச் சிரிப்பாள். இப்போது சிரிக்கவும் சோம்பல்.

அவள் கணவனுக்கு மில்லில் இரவு ஷிப்ட். அவன் ஏழு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவான், அவள் எட்டரைக்கு வந்து திறப்பாள். காலையில் அவன் வருவதற்குள் அவள் கிளம்பியிருப்பாள். ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டித்தான் இருவரும் குடித்தனம் நடத்தினார்கள். 'கேஸ் தீர்ந்துபோச்சு.' 'பட்டன் தெச்சு வச்சிருக்கேன்.' ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்றால் இருவரும் தூங்கிவிடுவார்கள்.

இதற்கு அன்றைக்கு ஒரு விடிவு வரவேண்டியிருந்தது. வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் அலுவலகத்துக்கு ஒரு கிளை திறந்திருந்தார்கள். அவளுடைய மாற்றல் கடிதம் மேலாளர் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அங்கே போய்விட்டால் ஆறு மணிக்குள் வீட்டில் இருக்கலாம். தினம் ஒரு மணி நேரம் புருஷன் முகத்தைப் பார்க்கலாம். 'இன்னிக்கு கையெழுத்தாயிடும்' என்று காலையில் சீட்டு ஒட்டிவிட்டு வந்திருந்தாள்.

பதினோரு மணிக்கு ஃபோர்மேன் கூப்பிட்டார். ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் அவள் போட்ட கணக்கின்படி ட்ரே மாட்டுகிறவர்.

"மேடம், ஒம்பது கேபிளும் உக்கார மாட்டேங்குது. ஏழு உக்காருது. மீதி ரெண்டு மேல ஏறிக்கிட்டு நிக்குது."

"உக்காரணுமேண்ணே. முந்நூறு எம்.எம். ட்ரேதானே மாட்டினீங்க?"

"நீங்க எழுதினதத்தானே மாட்டுவேன்?"

அவள் கணினியில் அந்தத் தாளைத் திறந்தாள். முதலில் ஏழு அடுப்பு, ஏழு கேபிள். ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு மில்லிமீட்டர் தடிமன், காலியிடத்தையும் சேர்த்தால் இருநூற்றெண்பது. முந்நூறு ட்ரே தாராளம். போன மாதம் முதலாளிக்கு இன்னும் இரண்டு அடுப்பு வைக்க ஆசை வந்தது. அப்போதும் ஒன்பது முப்பத்திரண்டு இருநூற்றெண்பத்தெட்டு, விட்டுவைத்த காலியிடத்தில் அடங்கும் என்று எழுதிக் கொடுத்தாள். கணக்கில் குற்றமே இல்லை.

"அண்ணே, கேபிள் தடிமன் எவ்வளவு இருக்கு? அளந்து சொல்லுங்க."

"அளந்துட்டுத்தான் கூப்பிட்டேன். முப்பத்தொம்பது."

அந்த அலுவலகத்தில் யாரும் வெற்றுத் தாளில் கணக்கு ஆரம்பிப்பதில்லை. போன வேலையின் தாளை நகல் எடுத்து, பெயரை மாற்றி, எண்ணிக்கையை மாற்றி அனுப்புவதுதான் பழக்கம். போன வேலை ஏதோ அலுவலகக் கட்டடம், அங்கே சாதா கேபிள். தொழிற்சாலைக்கு இரும்புக் கம்பி சுற்றிய ஆர்மர் கேபிள் என்று அவளேதான் வேறொரு தாளில் எழுதியிருந்தாள். தடிமன் கட்டத்தை மட்டும் மாற்ற மறந்துபோனாள். ஆறு பத்து பேருந்தைப் பிடிக்க ஓடிய ஏதோ ஒரு சாயங்காலம் அது. ஒன்பது முப்பத்தொன்பது முந்நூற்றைம்பத்தொன்று. எந்தச் சாமி வந்தாலும் முந்நூற்றில் அடங்காது.

"நாளைக்கு சீலிங் போட்டு மூடிடுவாங்க மேடம். சீக்கிரம் சொல்லுங்க" என்றார் ஃபோர்மேன்.

அவள் மேலாளர் அறைக்குப் போனாள். மாற்றல் கடிதம் பேனாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அதைத்தான் பார்த்தாள். விஷயத்தைப் பாதி சொல்வதற்குள் அவர் கையை உயர்த்திவிட்டார்.

"தடிமனான கேபிள வாங்கிப் போட்டிருப்பான்மா அந்த ஃபோர்மேன். இவனுங்களுக்கு இதே பொழப்பு. ஆள மாத்தச் சொல்லி அவன் கம்பெனிக்கு இப்பவே பேசிடறேன். நீங்க ரெண்டு அடுக்கா போடச் சொல்லிடுங்க, சீலிங் மூடினா யாரு பாக்கப் போறா? உங்க லெட்டர இப்ப போட்டுடறேன், எடுத்துட்டுப் போங்க."

அவர் பேனா மூடியைத் திறந்தார். சத்தியமாகச் சொன்னால், அந்த ஒரு நிமிடம் அவள் சும்மா இருந்துவிடத்தான் பார்த்தாள். ஃபோர்மேன் என்ன மாமனா மச்சானா? முகத்தைக்கூட இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள். அடியில் கிடக்கும் கேபிள் உடனேவா வேகும்? நாலைந்து வருடம் தாங்கும். ஆனால் அது போகிற வழி ஒன்பது அடுப்புகளின் தலைக்கு மேலே. அந்த மனிதரோ அளந்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

"சார், அவர் சரியாத்தான் வாங்கியிருக்காரு. நான்தான் பழைய தாள்ல இருந்த தடிமன மாத்தாம விட்டுட்டேன். நானூத்தி அம்பது ட்ரே வேணும். மாட்டினத எறக்கணும்."

மேலாளர் பேனாவை மூடினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"இந்த நேரத்துல நான் உங்களுக்கு எழுதிக் குடுத்தா மேல என்னைத்தான் கேப்பாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்மா." கடிதத்தை இழுப்பறையில் போட்டு மூடினார்.

ஃபோர்மேனிடம் சொன்னபோது நன்றியெல்லாம் வரவில்லை. வசவுதான் வந்தது.

"மூணு நாளு மேடம்! அறுபது மீட்டர், அண்ணாந்து அண்ணாந்து கழுத்தே ஒடிஞ்சுபோச்சு. ஒக்காந்த எடத்துல நம்பர் தட்டுறவங்களுக்கு இது எங்க தெரியப்போவுது?"

"தெரியுதுண்ணே. தப்பு என்னுதுதான். சார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

அவர் குரல் இறங்கி வந்தது.

"அடியில தாங்குற பிராக்கெட்ட கழட்ட வேணாம். ட்ரேய மட்டும் மாத்தினா போதும். நானூத்தி அம்பதுக்குத்தான் பிராக்கெட் அடிச்சிருக்கேன்."

"நான் முந்நூறுன்னுதானே எழுதினேன்?"

"ஆபீஸ்லேருந்து கணக்கு வந்தா எப்பவுமே பெருசாத்தான் பிராக்கெட் அடிப்பேன். இருவது வருஷப் பழக்கம். தப்பா எடுத்துக்காத தங்கச்சி."

மேடம் தங்கச்சியானதை அவள் கவனித்தாள். சிரிப்பு வந்தது, அவமானமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சுமக்கத் தெம்பில்லாமல் போனை வைத்துவிட்டு, வெற்றுத் தாள் ஒன்றைத் திறந்து அந்தக் கணக்கை முதலிலிருந்து போட்டாள்.

எட்டரைக்கு வீட்டைத் திறந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் ஃபிரிட்ஜைப் பார்த்தாள். அவளுடைய சீட்டுக்குக் கீழே அவன் எழுதியிருந்தான். 'இனிமே தெனம் ஆறு மணிக்கு நீயும் நானும் காபி. டம்ளர் எடுத்து வச்சிருக்கேன்.'

மேஜைமேல் இரண்டு டம்ளர்கள். கல்யாணத்துக்கு வந்தவை. ஜோடியாகக் குடிக்க நேரமில்லாமல் அட்டைப்பெட்டியோடு பரணில் கிடந்தவை. இன்று ஏணி போட்டு ஏறி எடுத்து, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பகலில் தூங்க வேண்டிய மனுஷன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. எழுந்து டம்ளர்களை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். மூடப்போனவள், என்ன தோன்றியதோ, திரும்ப எடுத்து மேஜைமேல் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

புதுச் சீட்டு ஒன்றைக் கிழித்து எழுதினாள்.

'கையெழுத்தாகல. தப்புக் கணக்கு போட்டுட்டேன், நானே சொல்லிட்டேன். இன்னும் ஒரு வருஷம் ஆகும். டம்ளர் ரெண்டும் அங்கேயே இருக்கட்டும்.'