கேட்கும், பேசாது

ஒன்பது பாட்டைக் கணவர் முடித்து வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடியிருந்தார். பத்தாவதில் அவருடைய கிதார் மட்டும் கணினிக்குள் கிடந்தது. அதன்மேல் தன் குரலைச் சேர்த்து, மற்ற ஒன்பதுக்கும் உடன்பிறப்பாக்கி விட்டால் போதும். அந்த வருடம் அவளுக்கு வேறு ஆசை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நாத்தனார் வந்து கணினி முன்னால் சம்மணம் போட்டுவிட்டாள். பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். மயிரிழை பிசகினாலும் பொறுக்காது.

"அண்ணி, கிதார் சுருதி கொஞ்சம் ஏறி இருந்துச்சு. இழுத்துக் கீழே வச்சுட்டேன்."

"உங்கண்ணனாவது சுருதியை விடுறதாவது!"

"அவரும் மனுஷன்தானே."

அலமாரியில் தொங்கும் கணவரின் சட்டைகளுக்கு நடுவே மைக்கை வைத்துப் பாடினாள். மற்ற ஒன்பதும் வெயிலில் காய்ந்த போர்வை. இது ஃபிரிட்ஜைத் திறந்த மாதிரி இருந்தது. நாத்தனார் திரையில் 'கதகதப்பு' என்று போட்டிருந்த குமிழை முழுக்கத் திருகினாள்.

"இப்ப?"

"ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு."

"நீங்க மூக்கால பாடினா குமிழ் என்ன பண்ணும்?"

கால் நீட்ட இடமில்லை என்று மேசைக்கடியில் இருந்த இரண்டு பழைய டேப் ரெக்கார்டர்களை நாத்தனார் வெளியே இழுத்தாள். ஒன்றில் பதிவாகும், பாடாது. மற்றது பாடும், அதில் பதிவாகாது. "இது கேக்கும், பேசாது. அது பேசும், கேக்காது. அப்படியே நம்ம ரெண்டு பேரும்" என்று அவர் சொல்லி, அதற்கொரு சண்டை நடந்திருக்கிறது. பேசுகிற மெஷினுக்குள் கேசட் ஒன்று இருந்தது. அமுக்கினாள். ஒன்பதாவது பாட்டு, அதே கதகதப்போடு.

கணினியில் முடித்த பாட்டை ஒன்றில் பதிந்து, மற்றதில் ஓட்டி, மறுபடி கணினிக்குள் வாங்கியிருக்கிறார்! மனைவி கடைக்குப் போயிருந்த நேரமெல்லாம் இந்தத் திருட்டு வேலைதான்.

பத்தாவதையும் அப்படியே ஓட்டினார்கள். கதகதப்பு வந்தது. கூடவே சுருதி இறங்கி, பாட்டு சோர்ந்து உட்கார்ந்துவிட்டது.

"பேசுற மெஷின் மெதுவாச் சுத்துது அண்ணி. பெல்ட் தொங்கிப் போச்சு."

அவளுக்குச் சுரீரென்றது. கிதாரை முறுக்கும்போதெல்லாம் அவர் முணுமுணுப்பார்: "மேலேயே இருக்கட்டும். போய்ட்டு வரும்போது தானா இறங்கிடும்." தான் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவதைத்தான் குத்திக் காட்டுகிறார் என்று ஒரு தடவை இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறாள்.

"அடிப்பாவி, தெரிஞ்சேதான் ஏத்தி வச்சிருக்கார். பழசு இருக்கா, அழிச்சிட்டியா?"

"எக்ஸ்ரே எடுக்குறவ எதையாச்சும் அழிப்பாளா?"

ஏற்றி வைத்த கிதாருக்கு, குதிகால் தூக்கி மறுபடி பாடினாள். டேப்பில் ஏறி இறங்கி வந்த பாட்டு, ஒன்பதாவதின் பக்கத்தில் போய்ச் சாதுவாக உட்கார்ந்துகொண்டது.

நாத்தனார் திரையை உற்றுப் பார்த்தாள். "போகும்போது மூணு நிமிஷம் இருபது செகண்ட். வரும்போது இருபத்தாறு. அண்ணன் ஆறு செகண்ட் கூடுதலா வாசிச்சிருக்கார் அண்ணி."

"இன்னொரு தடவை போடு."

"ஏன், சரியில்லையா?"

"நீ வாயை மூடு. இப்ப நான் கேக்கற மெஷின்."